தேர்வு எழுத வந்தவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரலாமே!



நான் எழுத்தாளன் அல்லன். முப்பத்தெட்டு ஆண்டுகள் இருப்புப் பாதையோடு காலம் தள்ளிய ஒரு டிப்ளோமா பொறியாளன். 1981இல் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தேன். 2003இல் எங்கள் பெங்களூர்க் கோட்டம் தென்மேற்கு ரயில்வேக்கு மாறியது. அதிலேயே இருந்து 2019இல் ஓய்வு பெற்றேன். தண்டவாளத்தைப் பற்றி எழுதச் சொன்னால் தயங்காமல் எழுதுவேன். இன்று எழுத வந்திருப்பதோ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக் கட்டணங்களைப் பற்றி. 'இவருக்கு இதில் என்ன தெரியும்?' என்று சிலர் நினைக்கலாம். நான் சொல்லப் போகும் தீர்வு ரயில்வேயில் இருந்துதான் வருகிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக் கொள்கிறேன்.

பங்காருப்பேட்டைப் பக்கம் என்னிடம் கீமேனாக வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார். தினமும் விடியற்காலையில் சாவிச் சுத்தியலோடு தண்டவாளம் நெடுகக் கிலோமீட்டர் கணக்கில் நடந்து போனவர். சொந்த ஊர் கோலார் தங்கவயல். அவருடைய தகப்பனார் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். 2001 பிப்ரவரி கடைசியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாடு நம் வாசகர்கள் பலருக்கும் தெரியும். இன்றும் மாரிகுப்பத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயில்கள் தங்கவயல் மக்களை ஏற்றிக் கொண்டு பெங்களூர் வந்து, இரவில் திரும்பக் கொண்டு போய் விடுகின்றன.

அந்தக் கீமேனின் மகள் வயிற்றுப் பேத்தி பி.எஸ்.ஸி. படித்த பெண். இயற்பியலில் நல்ல மதிப்பெண். எம்.எஸ்.ஸி. படித்து, பிறகு ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. பெங்களூரில் பழைய ஆட்கள் இன்னும் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்று சொல்கிறோமே, அந்த இந்திய அறிவியல் கழகத்தின் வாசலைப் பார்த்துவிட்டு வந்ததாக என்னிடம் பெருமையாகச் சொன்னாள். சென்ற ஆண்டு ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தபோது, "என்னம்மா, எங்கே சேர்ந்தாய்?" என்று கேட்டேன்.

"எங்கயும் சேரல தாத்தா. ஜாம் மட்டும்தான் எழுதினேன். அதுல ரேங்க் வரல" என்றாள்.

"மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குத் தனித் தேர்வு இருக்கிறதே, அதை எழுதவில்லையா?"

"ஜாமுக்கே தொள்ளாயிரம் கட்டியாச்சு. அதுக்கு மேல அப்பாகிட்ட கேக்க மனசு வரல தாத்தா."

அவள் தகப்பனார் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகு அவள் போட்டு வைத்திருந்த கணக்கை எனக்குக் காட்டினாள். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் தேர்வு, 2025ஆம் ஆண்டுக்கு, பெண்களுக்கான சலுகைக் கட்டணம் 900 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு, இரண்டு தாள் வரை, பொதுப் பிரிவில் 1,400 ரூபாய். இரண்டு தனியார் பல்கலைக்கழக விண்ணப்பங்கள், ஒன்றுக்கு ஆயிரம் வீதம் இரண்டாயிரம். மாநிலப் பல்கலைக்கழக விண்ணப்பம், பிரவுசிங் சென்டர் செலவு, சான்றிதழ் நகல்கள், ரயில் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு எழுநூறு. மொத்தம் ஐயாயிரம் ரூபாய். தகப்பனாரின் ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! படிப்புக்கு அல்ல; படிக்க இடம் கிடைக்குமா என்று கேட்பதற்கு மட்டும்.

'ஒரு தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குக் கட்டலாமே' என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். முடியாது. 2025இல் ஜாம் தேர்வு நடந்தது பிப்ரவரி 2ஆம் தேதி. முடிவு வந்தது மார்ச்சில். மத்தியப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலமோ பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. ஆகையால் வசதி உள்ளவர்கள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, எது கிடைக்கிறதோ அதில் சேர்ந்து கொள்கிறார்கள். வசதி இல்லாதவர்கள் ஒன்றே ஒன்றுக்குக் கட்டிவிட்டு, அது தவறினால் வீட்டில் உட்கார்ந்து விடுகிறார்கள். இந்தப் பெண் அந்த இன்னொரு தேர்வையும் எழுதியிருந்தால் புதுச்சேரியிலோ, திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். கேட்டுப் பார்க்கவே அவளால் முடியவில்லை என்பதுதான் என் வருத்தம். இப்போது ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குப் போய் வருகிறாள்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வை எடுத்துக் கொள்ளுங்கள். 2025ஆம் ஆண்டுத் தேர்வுக்குப் பொதுக் கட்டணம் 1,800 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கும் 900 ரூபாய். 2026 தேர்வுக்கு அது 2,000 என்றும் 1,000 என்றும் ஏறிவிட்டது. கடைசித் தேதி தவறினால் மேலும் 500 ரூபாய். ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வு, அதாவது 'சி'யில் தொடங்கும் கேட், 2025இல் 2,600 ரூபாய். மருத்துவ மேற்படிப்புக்கான நீட் முதுநிலைத் தேர்வு 3,500 ரூபாய். எய்ம்ஸ், ஜிப்மர், நம் ஊர் நிம்ஹான்ஸ் முதலியவற்றுக்கான தேர்வு தனி. அதற்கு 4,000 ரூபாய் வரை.

தேர்வில் தேறினால் செலவு நின்றுவிடுகிறதா? அதுவும் இல்லை. பொறியியல் கேட் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக் கொண்டு ஐ.ஐ.டி.க்களில் எம்.டெக். சேர விரும்பினால், ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணங்கள் வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான் பொருந்தும்.

வெளிநாட்டுக் கனவு காணும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களிலும் ஏராளம். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஜி.ஆர்.இ. தேர்வு 22,000 ரூபாய்க்கு மேல். ஆங்கிலத் தேர்வு ஏறக்குறைய 17,000. எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு, ஒன்றுக்கு 100 டாலர் வீதம் 800 டாலர். முதல் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். மீதி நான்குக்கு, ஒன்றுக்கு 35 டாலர் வீதம் 140 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலே மொத்தம் 1,18,000 ரூபாயைத் தாண்டுகிறது. விசாவும் விமான டிக்கெட்டும் இன்னும் வரவில்லை! கல்விக் கடன் கொடுக்கும் வங்கி இடம் கிடைத்த பிறகுதான் கதவைத் திறக்கும். அதற்கு முந்திய இந்தச் செலவு முழுவதும் தகப்பன் பையிலிருந்துதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நாம் திருத்த முடியாது. நம் நாட்டில் நடப்பதையாவது கேட்கலாம் அல்லவா?

தேர்வு நடத்தச் செலவாகும் என்பதை நான் மறுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் எஸ்டிமேட் போட்டவன் நான். கம்ப்யூட்டர் மையங்கள், கண்காணிப்பாளர்கள், வினாத்தாள் தயாரிப்பு, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். ஆனால் எஸ்டிமேட்டுக்கும் வசூலுக்கும் உள்ள பொருத்தத்தைக் கேட்பது நம் உரிமை. தேசிய தேர்வு முகமை ஆறு ஆண்டுகளில் தன் எல்லாத் தேர்வுகளுக்கும் சேர்த்துச் சுமார் 3,513 கோடி ரூபாய் வசூலித்ததாகவும், தேர்வு நடத்தச் சுமார் 3,065 கோடி செலவிட்டதாகவும் 2024 ஜூலையில் மாநிலங்களவையில் மத்திய அரசு பதில் அளித்தது. மிச்சம் ஏறக்குறைய 448 கோடி. அதாவது மாணவனிடம் வாங்கிய ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 87 ரூபாய் செலவு, 13 ரூபாய் மீதி. லாபம் பார்க்க வேண்டிய இடமா இது?

இனி என் ரயில்வே விஷயத்துக்கு வருகிறேன்.

2018இல் ரயில்வே தேர்வு வாரியங்கள் உதவி ஓட்டுநர், டெக்னீஷியன், கடைநிலை ஊழியர் ஆகிய வேலைகளுக்கு ஏறத்தாழ 90,000 இடங்களை அறிவித்தன. விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். ஏழைப் பிள்ளைகள் எழுதும் தேர்வுக்கு 500 ரூபாயா என்று பெரிய சலசலப்பு எழுந்தது. அதற்கு ரயில்வே சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்கு வராமல் போகிறவர்களால் வீண் செலவு. அதைத் தடுக்கவே 500 ரூபாய். முதல் கட்டத் தேர்வுக்கு வந்து எழுதியவர்களுக்கு அதில் 400 ரூபாய், வங்கிச் செலவு போக, அவரவர் கணக்குக்குத் திரும்ப வரும். பெண்கள், பட்டியல் இனத்தவர், பொருளாதாரத்தில் பின்தங்கியோர் முதலியவர்களுக்குக் கட்டணம் 250 ரூபாய். தேர்வு எழுதினால் வங்கிச் செலவு போக அது முழுவதும் திரும்ப வரும். அந்த முறை ரயில்வே தேர்வுகளில் இன்னும் தொடர்கிறது.

2018இல் விண்ணப்பித்தவர்கள் இரண்டு கோடிக்கும் மேல். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு வகுத்த முறை இது. அப்படியிருக்கப் பத்து லட்சம் பேருக்கும் குறைவாக விண்ணப்பிக்கும் ஒரு நுழைவுத் தேர்வில் அதைச் செய்ய முடியாதா? கீமேன் வேலைக்கு மனுப் போட்டவனுக்குக் கிடைக்கும் நியாயம், எம்.எஸ்.ஸி. படிக்க மனுப் போட்ட அவன் பேத்திக்கு ஏன் கிடைக்கக் கூடாது? நான் கேட்பது இவ்வளவுதான்: மேற்படிப்புத் தேர்வுக் கட்டணத்தை முன்பணமாக வாங்குங்கள். வந்து எழுதியவருக்குப் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுங்கள்.

இதற்கு வரக்கூடிய ஆட்சேபணைகளையும் யோசித்துப் பார்த்தேன்.

முதல் ஆட்சேபணை: 'பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் ஏற்கெனவே சலுகை இருக்கிறதே!' இருக்கிறது, நல்லது. ஆனால் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ள சமூகம் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலத்தில் அதே உரிமையைக் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. அதுவும் ஒரு கல்லூரி இடம் பற்றிய வழக்குதான். மத்திய அரசுத் தேர்வுகளுக்குத் தகப்பனாரின் பூர்வீக மாநிலச் சான்றைக் காட்டிச் சான்றிதழ் பெற வழி உண்டு. ஆனால் பாட்டன் காலத்தில் வந்தவர்களிடம் அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது? தங்கவயல் பெண்ணின் கதையும் அதுதான். பிற்பட்டோர் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை போனார்கள். தாத்தாவின் ஊரிலிருந்து பழைய பதிவு வேண்டும் என்றார்கள். கடைசித் தேதிக்குள் வந்து சேரவில்லை. பொதுப் பிரிவுக் கட்டணத்தைத்தான் அவள் கணக்கில் எழுதி வைத்திருந்தாள். எழுதியவருக்குத் திருப்பித் தரும் முறையில் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. தேர்வு மையத்தில் போட்ட கையெழுத்தே போதும்.

இரண்டாவது ஆட்சேபணை: 'கட்டணம் குறைவாக இருந்தால் விளையாட்டுக்கு விண்ணப்பிப்பார்கள்.' திருப்பித் தரும் முறை அதற்குத்தான் மருந்து. விளையாட்டுக்குக் கட்டியவன் வரமாட்டான், அவன் பணம் போகும். 2025 பொறியியல் கேட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 9.36 லட்சம், எழுதியவர்கள் சுமார் 7.47 லட்சம். ஐந்தில் ஒருவர் வரவில்லை. வராத 1.89 லட்சம் பேரும் மிகக் குறைந்த கட்டணமாகிய 900 ரூபாய்தான் கட்டினார்கள் என்று வைத்தாலும் அது 17 கோடி ரூபாய். எழுதியவர்களுக்குப் பிரித்தால் தலைக்கு 225 ரூபாய்க்கு மேல் வரும். வராதவருக்கும் நாற்காலியும் கம்ப்யூட்டரும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது என்பது உண்மைதான். எனவே இது ஒன்றே போதாது. மீதியை அரசு ஏற்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபணை: 'அரசு ஏன் ஏற்க வேண்டும்?' ஏற்கெனவே ஓர் இடத்தில் ஏற்கிறதே! ஐ.ஏ.எஸ். முதலிய பதவிகளுக்கான குடிமைப் பணித் தேர்வுக்கு மத்தியத் தேர்வாணையம் வாங்குவது 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. கலெக்டராக விரும்புகிறவருக்கு 100 ரூபாய், விஞ்ஞானியாக விரும்புகிறவருக்கு 2,000 ரூபாய் என்பதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

மனம் வைத்தால் கட்டணம் குறையும் என்பதற்கும் சான்று உண்டு. நீட் முதுநிலைத் தேர்வுக்கு 2021இல் பொதுக் கட்டணம் 5,015 ரூபாய். அதில் 4,250 ரூபாய் கட்டணம், மீதி ஜி.எஸ்.டி. வரி! நுழைவுத் தேர்வு நடத்தும் அரசு அமைப்புகளுக்கு வரி விலக்கு அளிக்க 2023 பிப்ரவரியில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. 2024இல் கட்டணத்திலும் 750 ரூபாய் குறைத்து 3,500 ஆக்கினார்கள். ஆக, 1,500 ரூபாய்க்கு மேல் குறைந்ததால் தேர்வு நின்று போய்விடவில்லை. அதே 2024இல் அந்தத் தேர்வு ஜூன் 23ஆம் தேதி நடக்க வேண்டியது, முந்திய நாள் இரவில் தள்ளி வைக்கப்பட்டது. வெளியூருக்கு ரயில் ஏறிப் போய் லாட்ஜில் தங்கியிருந்த இளம் மருத்துவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஜூன் 18இல் நடந்த யு.ஜி.சி. நெட் தேர்வு மறுநாளே ரத்தானது. அதை எழுதியவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். பயணத்துக்குச் செலவான காசை யாரும் அவர்களுக்குத் திருப்பித் தரவில்லை. மாணவன் ஒரு நாள் தாமதித்தால் 500 ரூபாய் அபராதம். நடத்துகிறவர் தவறினால் ஒன்றும் இல்லை.

அரசு செய்யட்டும், கேட்போம். அதுவரை நாம் கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. பெற்றோர்களுக்கு இரண்டொரு யோசனை சொல்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இப்போது ஜி.ஆர்.இ. கேட்பதில்லை. விரும்பும் துறை கேட்கிறதா என்று பார்த்த பிறகே அந்தத் தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டணத்தை விலக்கும்படி எழுதிக் கேட்டால் சில துறைகள் விலக்குகின்றன. கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. உள்நாட்டில், ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு வேறு நல்ல இடம் கிடைத்து விலகினால், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்காமல் இருக்கவும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. 'கொடுக்க மாட்டோம்' என்று யாராவது சொன்னால் அந்த அறிவிக்கையைக் காட்டிப் பேசுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்கு மேடையில் பரிசு கொடுக்கிறோம், சால்வை போடுகிறோம். நல்ல காரியம்தான். அதோடு, பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டண நிதி ஒன்று ஏற்படுத்தினால் என்ன? ஒரு பிள்ளைக்கு ஐயாயிரம் வீதம் இருபது பிள்ளைகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் போதும். தேர்வு எழுதிவிட்டு நுழைவுச் சீட்டைக் கொண்டு வந்து காட்டினால் அந்தப் பணம் அவர்களுடையது. எழுதாமல் விட்டால் திருப்பித் தர வேண்டும். ரயில்வே முறைதான், வேறொன்றுமில்லை. விண்ணப்பக் காலம் தொடங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். ஆண்டு விழா வரை காத்திருந்தால் கடைசித் தேதிகள் போய்விடும்.

என் சொந்தக் கதையையும் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். பத்து ரூபாய்க்கும் குறைவான ஒரு போஸ்டல் ஆர்டர் வாங்கி மனுப் போட்டுத்தான் எனக்கு ரயில்வே வேலை கிடைத்தது. அந்தப் போஸ்டல் ஆர்டருக்கான காசைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர். பிறகு வேலையில் இருந்தபடியே ஏ.எம்.ஐ.இ. படித்தேன். முதல் பிரிவு தேறினேன். இரண்டாம் பிரிவுக்குப் பணம் கட்ட வேண்டிய மாதத்தில் மகனைப் பள்ளியில் சேர்க்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு கட்டலாம் என்று விட்டேன். அந்த அடுத்த ஆண்டு வரவே இல்லை. குறை ஒன்றும் இல்லை, நல்லபடியாக வாழ்ந்தோம். ஆனால் டிப்ளோமாக்காரனாகவே ஓய்வு பெற்றேன்.

தங்கவயல் பெண்ணுக்கு இந்த முறை எல்லாத் தேர்வுக்கும் நானே பணம் கட்டிவிட்டேன். திருப்பித் தர வேண்டாம், எழுதிவிட்டு வந்து சொல்லம்மா என்று சொல்லியிருக்கிறேன். அவளைப் போல் இன்னும் எத்தனை பேர் அந்த மாரிகுப்பம் ரயிலில் வந்து போகிறார்களோ! சங்கம் நிதி தொடங்கினால் என் ஓய்வூதியத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய் தரத் தயாராக இருக்கிறேன். செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று பணிவோடு கேட்டுக் கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் இந்தப் பக்கங்களிலேயே எழுதினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.